50 வாட் போதும்: ஒரு மலிவு மூவிங் ஹெட் விளக்கின் வடிவமைப்பு ஆய்வு

தலை தானே திரும்பிச் சாயும் மூவிங் ஹெட் மேடை விளக்கு ஒன்றைச் சோதிக்க அதை முழு வேகத்தில் சுழலவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வேகமாக ஆடும்போது எல்லா விளக்கும் அழகாகத்தான் தெரியும். மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். போகிற போக்கிலேயே வெளிச்சத்தையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். விலை குறைந்த விளக்குகள் பெரும்பாலும் இங்கேதான் பல்லிளிக்கும். ஒளிவட்டம் துள்ளித் துள்ளி நகரும். வெளிச்சம் மெல்ல மறையாமல் கடைசியில் பொட்டென்று அணையும்.

சிறு நாடகக் குழுக்கள் சொந்தமாகச் செய்து, சொந்தமாகப் பழுதுபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு தானியங்கி எல்இடி விளக்கை வடிவமைக்க நாங்கள் உட்கார்ந்தபோது முதலில் எழுதிக்கொண்ட தேவை இதுதான்: மெதுவான நகர்வும் மெதுவான மறைவும் சுத்தமாக இருக்க வேண்டும். பிரகாசம் அதற்கு அடுத்துத்தான். இந்த வரிசையை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் காசு முழுவதும் வாட்டுக்கே போய்விடும்.

தானியங்கி விளக்கு புதிய சரக்கு இல்லை. 1981-இல் ஜெனிசிஸ் இசைக்குழுவின் சுற்றுப்பயணத்தில் வாரி-லைட் விளக்குகள் மேடையேறின. அந்தக் காலத்து விளக்கில் நிறம் மாற்றுவதற்கே தனி இயந்திர அமைப்பு வேண்டும்: கண்ணாடி வடிகட்டிகள், அவற்றைத் திருப்ப மோட்டார்கள். எல்இடி வந்த பிறகு அந்த வேலை மின்சுற்றுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டே அசைவுகள்: பக்கவாட்டில் திரும்பும் பான், மேலும் கீழும் சாயும் டில்ட். ஒரு சிறு குழு இதைக் கையில் எடுக்கத் துணியலாம் என்பதற்குக் காரணமே இதுதான்.

ஏழா, ஆறா?

சந்தையில் அதிகம் புழங்கும் அமைப்பு ஏழு எல்இடி கொண்டது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என நான்கு சில்லுகள். பெட்டியில் "7 × 12 வாட்" என்று போட்டிருக்கும். பெருக்கினால் 84 வாட். ஆனால் சில்லுக்கு 700 மில்லி ஆம்பியர் கொடுத்துக் கணக்குப் போட்டால் கதை வேறு. சிவப்பு சுமார் 2.2 வோல்ட், மற்ற மூன்றும் சுமார் 3.2 வோல்ட் எடுக்கும். ஏழையும் தொடராக இணைத்தால் சிவப்பு வரிசைக்கு 15.4 வோல்ட், மற்றவற்றுக்கு 22.4 வோல்ட். நான்கையும் கூட்டினால் 58 வாட்தான் வருகிறது. பெட்டியில் எழுதியிருப்பது சில்லு தாங்கக்கூடிய அளவு. விளக்கு உண்மையில் எடுக்கும் அளவு அல்ல.

எங்களைத் தடுத்தது வாட் இல்லை, அந்த 22.4 வோல்ட். 24 வோல்ட் பவர் சப்ளையோடு இது ஒத்துப்போகும் என்று பார்த்த மாத்திரத்தில் தோன்றும். ஆனால் எல்இடி குளிர்ந்திருக்கும்போது அதன் வோல்ட்டேஜ் ஏறும். ஒரே வகையிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் கேட்டால் ஏழுக்கு 25.2 ஆகிவிடும். வோல்ட்டேஜைக் குறைத்து எல்இடிக்கு மின்னோட்டம் கொடுக்கும் பக் வகை டிரைவர் சுற்று, உள்ளே வருவதைவிட அதிகமாக வெளியே தர முடியாது. அப்புறம் 36 வோல்ட் சப்ளைக்குப் போக வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்ட டிஎம்சி 2209 என்ற ஸ்டெப்பர் டிரைவர் (படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரை இயக்கும் சில்லு) 29 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே மோட்டாருக்குத் தனியாக 24 வோல்ட் உருவாக்க வேண்டும். ஒரு எல்இடிக்காக ஒரு முழு மின்தடம் கூடுகிறது.

நடு எல்இடியை எடுத்துவிட்டோம். ஆறு என்றால் மோசமான நிலையிலும் 21.6 வோல்ட்தான், எல்லாமே ஒரே 24 வோல்ட்டில் ஓடும். இழந்தது ஏழில் ஒரு பங்கு வெளிச்சம், அதாவது 14 சதவீதம். கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதால் பார்ப்பவருக்கு அது அவ்வளவு குறைந்தது போலப் படாது. மொத்தம் சுமார் 50 வாட். மோட்டார், விசிறி, டிரைவரின் விரயம் எல்லாம் சேர்த்து 76 வாட் வரும் என்று கணக்கிட்டு 100 வாட் சப்ளை போட்டோம். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் நடுவில் இருட்டான ஒரு பொட்டு தெரியும். அந்த இடத்தில் வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டரை உட்கார வைத்தோம்.

லென்ஸைத் தாண்டி 2,200 லூமன் வெளியே வருகிறது என்று வைத்துக்கொண்டால், 15° லென்ஸில் 10 மீட்டர் தூரத்தில் 2.6 மீட்டர் விட்டமுள்ள வட்டம் விழும். சராசரி 400 லக்ஸ் (சதுர மீட்டருக்கு விழும் லூமன்). 25° லென்ஸ் என்றால் வட்டம் 4.4 மீட்டர், வெளிச்சம் 140 லக்ஸ். ஜூம் வைத்தால் இரண்டும் கிடைக்கும். ஆனால் அதற்கு இன்னொரு மோட்டார், நகரும் லென்ஸ் தட்டு, தலையில் கூடுதல் எடை. வேண்டாம் என்று விட்டோம். 15° லென்ஸ் போட்டு, முன்னால் பரவல் தாள் செருகிக்கொள்ள ஒரு சட்டம் மட்டும் கொடுத்தோம். நான்கு சில்லுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தெளிவான லென்ஸில் வட்டத்தின் விளிம்பில் நிறம் பிரிந்து தெரியும். மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழ்கள் கொண்ட லென்ஸ் இதைப் பெரிதும் மறைக்கிறது. கொஞ்சம் வெளிச்சம் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நகர்வு

விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் 512 முறை ஒரு சானலில் (ஒரு கட்டளை எண்ணுக்கான இடத்தில்) 0 முதல் 255 வரைதான் அனுப்பும். பான் 540° திரும்புகிறது என்றால் ஒரு படிக்கு 2.1°. 10 மீட்டர் தள்ளி நிற்கும் நடிகரின் முகத்தில் ஒரு படி என்பது 37 சென்டிமீட்டர். ஒரு நிமிடத்தில் 90° போக வேண்டிய நகர்வில் விளக்கு 1.4 நொடிக்கு ஒருமுறை குதிக்கும். மென்பொருளில் எவ்வளவு மழுப்பினாலும் இல்லாத தகவலை உருவாக்க முடியாது. ஆகவே பான், டில்ட் இரண்டுக்கும் இரண்டிரண்டு சானல்: ஒன்று பெரிய படிக்கு, ஒன்று சிறிய படிக்கு. சேர்த்தால் 65,536 நிலைகள். 10 மீட்டரில் ஒரு நிலை ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

இயந்திரம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். சுற்றுக்கு 200 படி எடுக்கும் நெமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு படியையும் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிப்பது, 20 பல் புல்லியிலிருந்து 120 பல் புல்லிக்கு 2 மி.மீ. பிட்ச் பெல்ட். விளக்கு ஒரு முழுச் சுற்று திரும்ப 19,200 மைக்ரோஸ்டெப் ஆகிறது, ஒன்றுக்கு 0.019°. 10 மீட்டரில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். டிஎம்சி 2209 ஒவ்வொன்றையும் உள்ளுக்குள்ளே இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக்கொள்வதால் படி எடுப்பது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. பழைய வகை டிரைவரைவிட இது விலை கூடத்தான். இங்கே மிச்சம் பிடித்தால், மௌனமான காட்சியில் மேலிருந்து மோட்டார் முனகுவதை முதல் வரிசை முழுவதும் கேட்கும்.

3 நொடியில் 540° போக மோட்டார் நிமிடத்துக்கு 180 சுற்று சுற்றினால் போதும். நெமா 17-க்கு அது ஒரு வேலையே இல்லை. சிக்கல் வேகத்தில் இல்லை, கட்டளை வரும் விதத்தில் இருக்கிறது. 512 சானலும் நிறைந்த டிஎம்எக்ஸ் தடம் நொடிக்கு சுமார் 44 முறைதான் புதுப்பிக்கும். முழு வேகத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் இடையே விளக்கு 4° கடந்திருக்க வேண்டும். கட்டளை வந்ததும் ஓடி, சேர்ந்ததும் நின்று, அடுத்ததற்குக் காத்திருந்தால் நொடிக்கு 44 முறை உதறும். எனவே மென்பொருள் இலக்கை மட்டும் பார்ப்பதில்லை. கடைசியாக வந்த சில கட்டளைகளிலிருந்து இலக்கு எந்த வேகத்தில் நகர்கிறது என்பதைக் கணித்து அந்த வேகத்தோடு சேர்ந்து ஓடுகிறது. முடுக்கத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இதற்குக் கொடுக்கும் விலை சில பத்து மில்லிநொடித் தாமதம். நாடகத்தில் அது யாருக்கும் தெரியாது. இசை நிகழ்ச்சியில் தாளத்துக்கு வெட்டி வெட்டி ஆட வேண்டியவர்கள் வேகச் சானலைத் திறந்துவிட்டால் கணிப்பு விலகி, விளக்கு நேராகப் பாயும்.

இரண்டு சானல் என்பதில் ஒளிந்திருக்கும் ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய படி 100, சிறிய படி 255 என்று இருக்கிறது. அடுத்த நிலை 101, 0. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது வந்து இரண்டாவது வராத அந்த 44 மைக்ரோநொடி இடைவெளியில் மோட்டார் நிரல் எட்டிப் பார்த்தால் அதற்குக் கிடைப்பது 101, 255. விளக்கு 2° முன்னால் துள்ளித் திரும்பும். எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் மேசையில் வைத்துச் சோதிக்கும்போது சிக்காது, நிகழ்ச்சியில் சிக்கும். தீர்வு எளிது: முழுச் சட்டகமும் (எல்லாச் சானலும் அடங்கிய ஒரு சுற்றுத் தரவு) வந்து முடிந்த பிறகே மதிப்புகளை மொத்தமாக மாற்றிக்கொள்வது.

540° திரும்புவதால் தொடக்க நிலையைக் கண்டுபிடிப்பதும் கொஞ்சம் வம்பு. ஒரு சென்சார் மட்டும் வைத்தால் ஒன்றரைச் சுற்றில் அது இரண்டு முறை தென்படக்கூடும். எந்த முறை என்று விளக்குக்குத் தெரியாது. ஒரு திசையில் மெதுவாகத் தடுப்பில் முட்டும்வரை போய், அங்கிருந்து எண்ணத் தொடங்குவதே நம்பகமான வழி. 360°-க்கு மேல் திரும்ப வேண்டும் என்பதால் தடுப்பும் நிலையாக இருக்க முடியாது. சற்று இடம் நகரும் ஒரு சிறு நாக்கு அது. தண்டோடு வரும் முளை முதலில் அதைத் தள்ளிக்கொண்டு போய், பிறகே நிற்கும். யாராவது ஏணியால் தலையைத் தட்டிவிட்டால் ஸ்டெப்பருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போய்விடும். இதற்காக வெளித்தண்டின் முனையில் ஒரு காந்தமும் ஏஎஸ் 5600 சென்சாரும் வைத்தோம். சுற்றை 4,096 பகுதியாகப் பார்க்கும் இது, துல்லியத்துக்காக அல்ல. நிலை தவறிவிட்டது என்று தெரிந்துகொண்டு திருத்தத்தான்.

டில்ட் அச்சில் எடைச் சமநிலைதான் எல்லாம். தலை 1.2 கிலோ. எடை மையம் அச்சிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலே 0.24 நியூட்டன் மீட்டர்வரை முறுக்கு விசை ஒரு பக்கமாக இழுக்கும். பெல்ட் வழியாக மோட்டாருக்குப் பார்த்தால் அது பெரிய சுமையில்லை. ஆனால் தலை உச்சியைக் கடக்கும்போது இழுவையின் திசை மாறும். பெல்ட்டின் தளர்ச்சி அந்த நேரத்தில் வட்டத்தில் ஒரு நடுக்கமாகத் தெரியும். சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்கை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்தும்படி நீள்துளைகள் போட்டோம். மின்சாரம் போனாலும் தலை விட்ட இடத்திலேயே நின்றால் சமநிலை சரி.

மறைவு

வெளிச்சத்தைக் குறைப்பதில்தான் அதிகம் மல்லுக்கட்டினோம். கண்ணுக்கு ஒரே சீராகப் படவேண்டுமானால் வெளிச்சம் ஃபேடர் என்ற தள்ளுகுமிழ் நிற்கும் அளவின் வர்க்கத்தைப் போல மாற வேண்டும். அப்படிப் பார்த்தால் 255-இல் 1 என்ற படிக்கு முழு வெளிச்சத்தில் 0.0015 சதவீதம்தான் வர வேண்டும். எல்இடியை வேகமாக அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்கும் பிடபிள்யூஎம் முறை 8 பிட்டில் தரும் மிகச் சிறிய படி 0.4 சதவீதம். பொட்டென்று அணைவதற்கு இதுவே காரணம். டிம்மருக்கு இரண்டு சானல் கொடுத்து, விளக்கை நடத்தும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலரில் பிட்டுகளைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தீராது. நாங்கள் போட்ட மைக்ரோகண்ட்ரோலரான எஸ்டிஎம்32எஃப்103 சில்லு 72 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 12 பிட் பிடபிள்யூஎம் எடுத்தால் அதிர்வெண் 17.6 கிலோஹெர்ட்ஸ்; கேமராவுக்கு அருமை. ஆனால் அதில் மிகச் சிறிய துடிப்பின் நீளம் 14 நானோநொடி. சாதாரண பக் டிரைவருக்குள் இருக்கும் சுருளில் மின்னோட்டம் ஏறி நிலைபெறவே சில மைக்ரோநொடிகள் ஆகும். அதாவது கட்டளை போகும், வெளிச்சம் வராது. அதிர்வெண்ணை 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் 5 மைக்ரோநொடி என்பது 0.5 சதவீதம், 8 பிட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம். போதாததற்கு, வேகமான ஷட்டரில் கேமராப் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும்.

நாங்கள் எடுத்த வழி இரண்டு பகுதி. முதலாவது, டிரைவரை அணைத்து ஏற்றுவதற்குப் பதிலாக எல்இடி வரிசைக்கு இணையாக மின்னணு சுவிட்சான ஒரு மாஸ்ஃபெட் வைத்து வரிசையைக் குறுக்கே அடைப்பது. சுருளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். எல்இடி வழியாகவா, மாஸ்ஃபெட் வழியாகவா என்பது மட்டும் மாறும். அதனால் துடிப்பை 200 நானோநொடிவரை குறைக்க முடிகிறது. 14 பிட்டில் 4.4 கிலோஹெர்ட்ஸ் வைத்தோம். இதில் 200 நானோநொடி என்பது 0.09 சதவீதம், ஃபேடரில் சுமார் 3 சதவீத இடம். இரண்டாவது, அதற்குக் கீழே மின்னோட்டத்தையே பத்தில் ஒரு பங்காகக் குறைப்பது. அப்போது அடி எல்லை ஃபேடரில் 1 சதவீதத்துக்கு இறங்குகிறது. மின்னோட்டம் மாறினால் பச்சை எல்இடியின் நிறம் லேசாக நகரும் என்பதால் மேல் பகுதியில் இதைச் செய்வதில்லை. அவ்வளவு இருட்டில் கண் நிறத்தைச் சரியாகப் பிரித்தறியாது. அங்கே செய்தால் தப்பில்லை. மாறுகிற இடத்தில் ஒரு சின்னத் துள்ளல் வராமலிருக்க ஒவ்வொரு விளக்கிலும் நான்கு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு திருத்த எண்ணை அளந்து பதிய வேண்டியிருக்கிறது. இந்த வேலை கையால்தான் நடக்கிறது. மொத்தத் தயாரிப்பிலும் பொறுமையைச் சோதிப்பது இதுதான்.

விளக்கு வெகுநேரம் முழு இருட்டில் இருந்தால் டிரைவர் தானே நின்றுகொள்ளும். இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் வழியாக மின்சாரம் சும்மா சுற்றிச் சூடாகிக்கொண்டிருக்கும்.

சூடும் சத்தமும்

50 வாட்டில் கிட்டத்தட்ட 35 வாட் சூடாகத்தான் போகிறது. மேடைக்கு மேலே காற்று 40° இருக்கும் என்று வைத்து, வாட்டுக்கு 0.6° ஏறும் ஹீட் சிங்க்கும் விசிறியும் போட்டால் சிங்க் 61°. உலோகத் தகடும் பேஸ்ட்டும் சுமார் 10°, எல்இடியின் உள்தடை சுமார் 23°. சில்லு 94°-இல் நிற்கும். பிழைத்துக்கொள்ளும். ஆனால் சூட்டில் நான்கு நிறமும் ஒரே அளவில் மங்குவதில்லை. சிவப்புதான் அதிகம் மங்கும். போட்டதும் இதமாக இருந்த வெள்ளை, கால் மணியில் பச்சையும் நீலமும் கலந்த மாதிரி ஆகிவிடும். தெர்மிஸ்டர் காட்டும் வெப்பத்துக்கு ஏற்பச் சிவப்பை ஏற்றிக் கொடுக்க ஓர் அட்டவணை மென்பொருளில் இருக்கிறது. ஏற்ற இடம் வேண்டும் என்பதற்காக, குளிர்ந்த நிலையில் சிவப்பை முழு அளவுக்கு விடுவதில்லை.

விசிறி பெரியதாக, மெதுவாகச் சுழல வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் 15 டெசிபெல் போலக் குறையும். இருட்டான காட்சியில் சூடும் குறைவு என்பதால் விசிறி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. மௌனம் தேவைப்படும் காட்சிகளும் பெரும்பாலும் இருட்டான காட்சிகள்தான், அது எங்கள் அதிர்ஷ்டம். சிங்க் 75° தாண்டினால் விசிறியை அலறவிடாமல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம்.

முதல் மாதிரிக்கு 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக் போதும். தலையைத் தாங்கும் கைகளின் வடிவம், பெல்ட் இழுவை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். எல்இடியைப் போட்ட பிறகு அது ஆகாது. பிஎல்ஏ 60° வாக்கிலேயே இளகத் தொடங்கும். இறுதி வடிவத்தில் கைகளும் அடிப்பெட்டியும் லேசரில் வெட்டி மடித்த அலுமினியத் தகடு. செலவில் பெரிய பங்கு இந்தத் தகட்டுக்கும் மோட்டார்களுக்கும் சப்ளைக்கும்தான் போகிறது. எல்இடி அந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது.

கம்பி, இணைப்பு, பாதுகாப்பு

வீட்டு மின்சாரம் அடிப்பெட்டியைத் தாண்டிப் போவதில்லை. திரும்பும் மூட்டுகள் வழியாகப் போவது 24 வோல்ட், தரவுக் கம்பிகள், எர்த் மட்டும். தலையில் தனியாக ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர் வைத்ததால் டில்ட் மூட்டில் ஐந்து கம்பி போதுமானதாயிற்று. இல்லாவிட்டால் நான்கு நிறத்துக்கும் விசிறிக்கும் சென்சாருக்கும் என்று ஒரு கற்றையே போயிருக்கும். அடிக்கடி வளைவதால் சிலிக்கோன் உறைபோட்ட, நிறைய இழை கொண்ட கம்பி. உலோகப் பாகம் ஒவ்வொன்றுக்கும் எர்த், தாங்கும் கொக்கியோடு தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பிக்கயிறு. இதில் பேரம் கிடையாது.

டிஎம்எக்ஸ் 1986-இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்று உருவாக்கியது. அதன் விதிப்படி எக்ஸ்எல்ஆர் எனும் வட்ட இணைப்பானில் ஐந்து முள் வகைதான் பொருத்த வேண்டும். மூன்று முள் போட்டால் யாராவது மைக் கம்பியைக் கொண்டுவந்து செருகுவார்கள். மூன்று முள் மலிவு என்றாலும் நாங்கள் ஐந்து முள்ளே போட்டோம். டிஎம்எக்ஸ் தரவை வாங்கும் ஆர்எஸ்-485 பகுதியை மின்சுற்றின் மற்ற பகுதியிலிருந்து பிரித்துத் தனிமைப்படுத்தியிருக்கிறோம். தரவு நின்றுபோனால் விளக்கு கடைசி நிலையை அப்படியே பிடித்துக்கொள்ளும். விளக்கு எடுப்பது 13 சானல். ஒரு தடத்தில் 39 விளக்குக்கு எண் கொடுக்கலாம், ஆனால் 32-க்கு மேல் போனால் இடையில் தரவைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். தடத்தின் கடைசியில் 120 ஓம் தடையை மறக்கக்கூடாது.

விளக்கிலிருந்து தகவல் திரும்பி வரும் ஆர்டிஎம் வசதி இப்போதைய மென்பொருளில் இல்லை. தரவுச் சில்லின் திசை முள்ளை மட்டும் மைக்ரோகண்ட்ரோலரோடு இணைத்து வைத்திருக்கிறோம். பிறகு சேர்ப்பதானால் பலகையை மாற்ற வேண்டியதில்லை. அது வந்தால் முதலில் சிங்க்கின் வெப்பத்தை, விளக்குகளை இயக்கும் மேசையான கன்சோலில் காட்டப் போகிறோம். விசிறியில் தூசி அடைவதை இப்போதைக்கு யாராவது ஏணி ஏறிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.